பூட்டிய கதவும் கூடாரப்பண்டிகையும்



போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதியதைப் படித்துவிட்டு "நல்லா தூக்கம் வந்துச்சு மச்சான்" என்று பாராட்டிய வகுப்புத் தோழர்களுக்கு நன்றி :-) இந்த முறை வரலாறு. ஆனால் ஆரம்பம் நம் ஐ.வி.யில்தான். கூட வந்தவர்களுக்கு அந்த மதியம் ஞாபகம் இருக்கும். வராதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

கடந்த அக்டோபரில் பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் திருநெல்வேலியிலிருந்து கொச்சிக்குப் போனோம். பன்னாட்டு வணிகம் பாடத்துக்காகத் துறைமுகம், நறுமணப் பொருள் ஏற்றுமதி, பழைய மிளகுச் சந்தை இதெல்லாம் பார்ப்பது திட்டம். மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரிகள் சங்கம் இருக்கும் தெருவின் பெயரே யூதத் தெரு. அந்தத் தெரு முடிகிற இடத்தில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம். "இதையும் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று சார் சொன்னார். போனால் கதவு பூட்டியிருந்தது. பண்டிகை, பார்வையாளர்களுக்கு இன்று அனுமதி இல்லை என்று அறிவிப்பு.

"என்ன பண்டிகைடா? நீதானே பைபிள் படிக்கிற ஆளு, சொல்லு" என்று ஒருவன் என்னைக் கேட்டான். நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியவில்லை.

நான் ஞாயிறு பள்ளியில் வேத வசனப் போட்டியில் பரிசு வாங்கியவன். லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் யூதப் பண்டிகைகள் வரிசையாக இருப்பது தெரியும். பஸ்கா, புளிப்பில்லாத அப்பப் பண்டிகை, ஏழு வாரங்களின் பண்டிகை, எக்காளப் பண்டிகை, பாவநிவிர்த்தி நாள், கூடாரப்பண்டிகை என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவேன். ஆனால் அக்டோபர் மாதம் ஒரு நாளில், ஒரு தெருவில், ஒரு கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. பெயர்கள் தெரியும். அவற்றை இன்றும் கொண்டாடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது என் மண்டையில் ஏறியதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில் எங்கள் ஊர் சபையில் பெரிய வெள்ளிக்கு முன் நடந்த பாடுகள் நாடகத்தில் நான் "யூதன்". பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு, கையை ஓங்கி, "சிலுவையில் அறையும்" என்று கத்துகிற கூட்டத்தில் ஒருவன். எனக்குத் தெரிந்த யூதன் அவன் மட்டும்தான். அன்று பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபோது அந்தப் பஞ்சுத் தாடி ஞாபகம் வந்து ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டீக்கடையில் கிடைத்த பாடம்

மற்றவர்கள் ஏலக்காய் வாங்கப் போய்விட்டார்கள். நான் பக்கத்துச் சந்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் எழுபது வயது தாண்டியவர். தமிழ்நாட்டு வியாபாரிகளோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசினார். "சேட்டா, இன்னைக்கு என்ன பண்டிகை?" என்று கேட்டேன்.

"சிம்ஹத் தோரா, மோனே. கூடாரப் பெருநாள் முடியற நாள்."

அவர் யூதர் இல்லை. ஆனால் சின்ன வயதில் அந்தத் தெருவில் வளர்ந்தவர். அவர் சொன்னதையும், ஊருக்குத் திரும்பிய பிறகு நான் நூலகத்தில் படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

யூதர்களின் திஷ்ரி மாதம் 15-ஆம் தேதி கூடாரப்பண்டிகை தொடங்குகிறது. எபிரேயப் பெயர் சுக்கோத். எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர்கள் வனாந்தரத்தில் கூடாரங்களில் தங்கியதை நினைத்து, வீட்டுக்கு வெளியே தற்காலிகக் குடில் போட்டு, ஏழு நாள் அதில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கூரையை மண்ணில் விளைந்து வெட்டியெடுத்த இலைதழையால்தான் வேய வேண்டும். ஐரோப்பாவில் ஊசியிலைக் கிளைகள். கொச்சியில்? வேறென்ன, முடைந்த தென்னங்கீற்றுதான்! "நம்ம கல்யாணப் பந்தல் மாதிரியே இருக்கும்" என்றார் பெரியவர்.

அந்தப் பண்டிகையின் வாலில் ஒட்டி வருவதுதான் சிம்ஹத் தோரா, அதாவது தோராவின் மகிழ்ச்சி. மோசேயின் ஐந்து ஆகமங்களையும் வாரம் ஒரு பகுதியாக ஜெப ஆலயத்தில் ஆண்டு முழுக்க வாசிப்பார்கள். உபாகமத்தின் கடைசிப் பகுதியை இந்த நாளில் வாசித்து முடித்து, அதே மூச்சில் ஆதியாகமத்தின் முதல் பகுதியைத் தொடங்கிவிடுவார்கள். முடிவு என்று ஒன்று இருக்கக் கூடாது என்பது கணக்கு. தோல் சுருளில் கையால் எழுதிய தோராக்களைத் தூக்கிக்கொண்டு பாடுவார்கள், ஆடுவார்கள், சுற்றி வருவார்கள்.

உலகம் முழுவதும் இந்தச் சுற்று ஜெப ஆலயத்துக்கு உள்ளேதான் வழக்கம். கொச்சிக்காரர்கள் மட்டும் பிற்பகலில் சுருள்களை வெளியே கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றி வலம் வருவார்கள். அன்றைக்கென்று தற்காலிகமாக அலங்கரித்த பேழையை விழா முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். சாமி புறப்பாடும் தேரும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்த வழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த ஜெப ஆலயமும் மட்டாஞ்சேரி அரண்மனைக் கோயிலும் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு நிற்பவைதான்.

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப ஆளெவிடே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சந்தோஷச் சிரிப்பு இல்லை.

மறுநாள் உள்ளே

மறுநாள் காலை நானும் இரண்டு நண்பர்களும் மட்டும் திரும்பிப் போனோம். கதவு திறந்திருந்தது. சீட்டு வாங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். தரை முழுக்க சீனாவிலிருந்து வந்த நீல-வெள்ளை ஓடுகள். மேலே கண்ணாடிச் சர விளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி அடைத்த மேடை. கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய ஒரு விஷயம், மாடியில் இரண்டாவதாக ஒரு வாசிப்பு மேடை உண்டு. ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் அங்கிருந்து தோரா வாசிப்பார்கள்.

வணிகவியல் மாணவர்களுக்காக ஒரு தகவல். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகர் தலைவருக்கு வழங்கிய செப்பேடு கொச்சி யூதர்களின் தலையாய சொத்து. வட்டெழுத்தில் எழுதியது. பல்லக்கு, குடை, பகல் விளக்கு என்று 72 உரிமைகள். அவற்றோடு உல்கும் துலாக்கூலியும் தள்ளுபடி. உல்கு என்றால் சுங்க வரி. திருக்குறளில் வருகிற அதே உல்குதான். துலாக்கூலி என்றால் எடை போடும் கட்டணம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வரிவிலக்கு ஆவணம்! ஜி.எஸ்.டி. கட்டுரையில் இதைச் சேர்த்திருந்தால் நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

உள்ளே அரை மணி நேரம் இருந்தோம். அழகாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், பூட்டிய கதவுக்கு வெளியே டீக்கடையில் தெரிந்துகொண்ட அளவுக்கு உள்ளே தெரிந்துகொள்ளவில்லை. ஓடும் விளக்கும் பண்டிகை இல்லை அல்லவா?

சீலோவாம் குளத்துத் தண்ணீர்

ஊருக்கு வந்ததும் யோவான் சுவிசேஷம் 7-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். இயேசு கூடாரப்பண்டிகைக்கு எருசலேமுக்குப் போகிறார். பண்டிகையின் கடைசி நாளில் எழுந்து நின்று, தாகமாய் இருக்கிறவன் என்னிடம் வரட்டும் என்கிறார். அடுத்த அதிகாரத்தில் தன்னை உலகத்துக்கு ஒளி என்கிறார். இந்தப் பகுதியை நான் குறைந்தது முப்பது தடவை கேட்டிருப்பேன். ஏன் திடீரென்று தண்ணீர், ஏன் திடீரென்று விளக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பதில் யூதர்களின் மிஷ்னாவில் இருக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சட்ட நூல் அது. எருசலேம் தேவாலயம் இருந்த காலத்தில், கூடாரப்பண்டிகை நாட்களில் காலைதோறும் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் தண்ணீர் மொண்டு, எக்காளம் ஊதி, ஊர்வலமாகக் கொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். இரவில் தேவாலய முற்றத்தில் பெரிய பெரிய விளக்குத் தண்டுகளை ஏற்றுவார்கள். அந்த நாட்டில் மழைக்காலம் தொடங்குவது இந்தப் பண்டிகையை ஒட்டித்தான். இன்றும் எட்டாம் நாளில் மழைக்கான ஜெபம் உண்டு. ஐப்பசி மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியாதா என்ன?

அப்படியானால் இயேசு பேசியது சூனியத்தில் பேசிய பேச்சு இல்லை. சுற்றிலும் தண்ணீரும் விளக்குமாகப் பண்டிகை நடந்துகொண்டிருந்தபோது, அதே பண்டிகைக்கு வந்த ஒரு யூதராகப் பேசியிருக்கிறார். பண்டிகை தெரியாமல் அந்த வசனத்தைப் படித்தது, பாதிக் கதைக்குப் பிறகு தியேட்டருக்குள் நுழைந்தது போல.

ஒன்றைத் தொட்டால் ஒன்று வந்துகொண்டே இருந்தது.

குருத்தோலை ஞாயிறில் ஓலையைப் பிடித்துக்கொண்டு "ஓசன்னா" பாடுகிறோம். கூடாரப்பண்டிகையில் யூதர்கள் கையில் பேரீச்சங்குருத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருகிறார்கள். அவர்கள் கூவுவது "ஹோஷானா", இரட்சியும் என்று அர்த்தம். ஏழாம் நாளுக்குப் பெயரே பெரிய ஹோஷானா.

பெந்தெகொஸ்தே என்பது கிரேக்கத்தில் ஐம்பதாவது என்று பொருள்படும் சொல். பஸ்காவிலிருந்து ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாவது நாளில் வரும் வாரங்களின் பண்டிகைதான் அது. கோதுமை அறுப்பின் பண்டிகை. சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் கிடைத்த நாளாகவும் யூதர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள்.

யோவான் 10-இல் வரும் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை வேறெதுவும் இல்லை, எட்டு நாள் விளக்கேற்றும் ஹனுக்காதான். கி.மு. 164-இல் மக்கபேயர்கள் தேவாலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியதன் நினைவு.

பஸ்காவுக்கு வருவோம். எபிரேயத்தில் பெசாக். நாங்கள் பஸ்கா என்கிறோம், கத்தோலிக்கர்கள் பாஸ்கா என்கிறார்கள். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பெசகா என்கிறார்கள். பெரிய வியாழன் இரவில் அவர்கள் வீட்டில் புளிக்காத பெசகா அப்பம் சுட்டு, குடும்பத்தில் மூத்தவர் ஜெபம் பண்ணிப் பிட்டு எல்லோருக்கும் கொடுப்பார். யூதர்கள் பஸ்காவுக்குச் சுடும் மாட்சா என்கிற புளிப்பில்லாத அப்பத்துக்கு மாவும் தண்ணீரும் மட்டும்தான். தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் புளித்துவிட்டதாகக் கணக்கு. கொச்சி யூத வீடுகளில் ஹனுக்கா முடிந்த கையோடு பஸ்காவுக்கான வேலை ஆரம்பித்துவிடுமாம். கோதுமை பொறுக்குவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, தனிப் பாத்திரங்கள் எடுப்பது என்று மாதக்கணக்கில். நம் வீட்டுப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் அம்மா படுத்தும் பாட்டை நாலு மாதத்துக்கு நீட்டிப் பாருங்கள்.

1663: ஒரு வருடம், இரண்டு ஊர்

யூதப் பண்டிகையைப் பார்க்கப் போன கிறிஸ்தவன் நான் மட்டும் இல்லை. வரலாற்றில் எனக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். சாமுவேல் பெப்பிஸ். லண்டனில் கடற்படை அலுவலக அதிகாரி. 1660 முதல் 1669 வரை அவர் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. 1663 அக்டோபர் 14 அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியோடு லண்டன் கிரீசர்ச் சந்தில் இருந்த யூத ஜெப ஆலயத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனார். அன்றைக்கு என்ன நாள் தெரியுமா? சிம்ஹத் தோரா!

எனக்குப் பூட்டிய கதவு அவருக்குத் திறந்திருந்தது. உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்தார். சால்வை போர்த்திய ஆண்கள், தடுப்புக்குப் பின்னால் பெண்கள், சுருள்களைத் தூக்கிக்கொண்டு பாட்டும் ஆட்டமும். வீட்டுக்கு வந்து, இவ்வளவு ஒழுங்கில்லாத, சிரிப்புக்கிடமான வழிபாட்டை எங்கும் பார்த்ததில்லை என்ற பொருளில் எழுதி வைத்தார். உண்மையான கடவுளை அறிந்தவர்கள் இப்படி நடப்பார்களா என்பது அவர் கேள்வி.

அவர் எழுதியது பொய் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் "இன்றைக்கு என்ன நாள்?" என்று பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டதாக ஒரு வரி இல்லை. கேட்டிருந்தால், ஆண்டிலேயே ஆடிப்பாட வேண்டிய நாள் இது என்று சொல்லியிருப்பார்கள். ஹோலி அன்று வட இந்தியாவில் வந்து இறங்கிய ஒருவர், இந்த ஊரில் தினமும் சாயம் பூசிக்கொள்கிறார்கள் என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அவர் கண்ணில் படாத இன்னொன்றும் உண்டு. அந்த அறையில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்தவர்கள். 1492-இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. 1497-இல் போர்ச்சுகல் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்தது. பல தலைமுறைகள் வெளியே கிறிஸ்தவர்களாகவும் உள்ளே யூதர்களாகவும் ஒளிந்து வாழ்ந்தார்கள். இங்கிலாந்தில் அவர்கள் வெளிப்படையாக வழிபட வழி பிறந்தது 1656-இல்தான். பெப்பிஸ் வந்தபோது ஏழு வருடம்கூட நிறைந்திருக்குமோ என்னவோ. ஒளிந்து ஒளிந்து ஜெபித்தவர்கள் தோராவைத் தூக்கிக்கொண்டு ஆடும்போது ஒழுங்கு எங்கிருந்து வரும்?

இப்போது கொச்சிக்கு வாருங்கள். பரதேசி யூதர்களிலும் அதே ஸ்பெயின், போர்ச்சுகல் வழியினர் உண்டு. அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்குக் கொச்சி மன்னர் தன் அரண்மனைக்கு அடுத்தே இடம் கொடுத்தார். ஆனால் போர்ச்சுகீசியர் கொச்சியிலும் இருந்தார்கள். 1662-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடிக்க முயன்று பின்வாங்கியபோது, அவர்களுக்கு உதவினார்கள் என்று போர்ச்சுகீசியர் யூதத் தெருவைச் சூறையாடி ஜெப ஆலயத்துக்குத் தீ வைத்தார்கள். 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் திரும்பி வந்து கொச்சியைப் பிடித்தார்கள். ஆலயம் 1664-இல் மீண்டும் எழுந்தது.

அதாவது பெப்பிஸ் லண்டனில் முகம் சுளித்த அதே 1663-இல், கொச்சி யூதர்கள் எரிந்துபோன ஆலயத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். தீ வைத்தவர்களும் கிறிஸ்தவர்கள், அதாவது என் ஆட்கள். மறுநாள் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்த தரை அந்தச் சாம்பலுக்குப் பிறகு வந்த தரை.

பண்டிகையை எடுத்துக்கொண்டு, ஆளை விட்டுவிட்டு

எப்படி இவ்வளவு தூரம் வந்தது? பின்னால் போய்ப் பார்த்தால் ஆச்சரியமான ஒரு காட்சி கிடைக்கிறது. கி.பி. 386-இல் அந்தியோகியா நகரத்துக் கிறிஸ்தவர்கள் யூதப் பண்டிகைகளுக்கு ஆவலோடு போய்க்கொண்டிருந்தார்கள். எக்காளம் ஊதுவதைக் கேட்க, உபவாசத்தில் கலந்துகொள்ள, கூடாரப்பண்டிகையைப் பார்க்க. பெரிய பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோமுக்கு இது பிடிக்கவில்லை. 386-387-இல் எட்டுப் பிரசங்கங்கள் செய்து அவர்களைத் தடுத்தார். தடுக்கும் சாக்கில் யூதர்களை அவர் பேசிய பேச்சு பின்னால் பல நூற்றாண்டுகளுக்கு ஆயுதமாயிற்று. நான் இதில் கவனித்தது வேறு. தடுக்க எட்டுப் பிரசங்கம் தேவைப்பட்டது என்றால், போன கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அதற்கு முன்பே, 325-இல் நிசேயா சங்கம் ஈஸ்டர் தேதியை யூதர்களின் பஸ்கா கணக்கிலிருந்து பிரித்துவிட்டது. யூத நாட்காட்டி நிலவை வைத்து மாதத்தையும் சூரியனை வைத்துப் பருவத்தையும் பிடிப்பது. 19 வருடத்துக்கு 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சரிசெய்வார்கள். பஸ்கா எப்போதும் வசந்தகாலப் பௌர்ணமியில் விழும். ஈஸ்டரும் பௌர்ணமியை ஒட்டித்தான் வருகிறது, அதற்கு அடுத்த ஞாயிறில். எலும்புக்கூடு அவர்களுடையது, பெயர்ப்பலகை நம்முடையது.

பிரிந்ததோடு நிற்கவில்லை. பஸ்காவும் பரிசுத்த வாரமும் ஒரே சமயத்தில் வருவதால், ஐரோப்பாவில் அந்த வாரம் யூதர்களுக்கு ஆபத்தான வாரமாயிற்று. 1475-இல் இத்தாலியின் திரெந்து நகரில் சீமோன் என்ற சிறு குழந்தை இறந்துகிடந்தது. பஸ்காவுக்காக யூதர்கள் கொன்றார்கள் என்று பழி. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கி மரண தண்டனை கொடுத்தார்கள். அது பொய் என்று ஒப்புக்கொண்டு கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் குழந்தையின் பெயரால் நடந்த வழிபாட்டை நிறுத்தியது 1965-இல். கிட்டத்தட்ட ஐந்நூறு வருடம்! அதே 1965 அக்டோபர் 28 அன்றுதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்துக்கு யூதர்கள் எல்லோர் மேலும் பழி போட முடியாது என்று அறிவித்தது.

பிறகுதான் என் பஞ்சுத் தாடி எனக்கு வெறும் பஞ்சாகத் தெரியாமல் போயிற்று. பத்து வயதுப் பையனுக்கு அது விளையாட்டு. ஆனால் அந்த வசனத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்து யூதத் தெருவில் கல்லெறிந்த ஊர்களும் இருந்திருக்கின்றன.

கொச்சியும் சொர்க்கம் இல்லை

"இந்தியாவில் யூதர்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று எழுதி முடித்துவிட ஆசைதான். மன்னர்கள் இடம் கொடுத்தார்கள், மானியம் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் நம் ஊர் வியாதி அவர்களையும் பிடித்தது. பரதேசி யூதர்கள் தங்களிடையே இருந்த, அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற வழியினரைச் சமமாக நடத்தவில்லை. ஜெப ஆலயத்துக்குள் அவர்களுக்கு இருக்கை கிடையாது, தோரா வாசிக்கும் உரிமை கிடையாது. அந்த வழியில் பிறந்த ஏ.பி. சேலம் (1882-1967) சென்னையில் சட்டம் படித்துவிட்டு வந்து, காந்தியின் சத்தியாகிரக வழியைத் தன் சொந்த ஜெப ஆலயத்துக்குள்ளேயே கையாண்டார். உரிமைகள் படிப்படியாகத்தான் கிடைத்தன. அந்தத் தெரு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதைப் பஸ்காவில் கொண்டாடுகிறவர்கள், விடுதலையானவர்களைத் தரையில் உட்கார வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அவர்கள் மேல் கோபத்தைவிட நெருக்கம்தான் அதிகமாயிற்று. திருவிருந்திலும் கல்லறையிலும் சாதி பார்த்த வரலாறு எங்கள் சபைகளுக்கும் உண்டே.

1940-களில் கேரளத்தில் 2,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். 1948-இல் இஸ்ரேல் உருவானது. 1950-களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். இங்கே யாரும் விரட்டவில்லை என்பதை அவர்களே சொல்கிறார்கள். அந்த நாட்டின் அரசியல், போர்கள் பற்றி நமக்குள் பல கருத்துகள் இருக்கும், அது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒரு அரசு செய்வது வேறு, ஒரு சமூகம் பண்டிகை கொண்டாடுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். போனவர்கள் அங்கே நெவாத்திம் போன்ற கிராமங்களில் குடியேறினார்கள். பெண்கள் தலைமுறை தலைமுறையாக நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பாதுகாத்த மலையாள யூதப் பாடல்களும் அவர்களோடு போயின.

பொது வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது யூத மரபு. மட்டாஞ்சேரியில் இன்று மிஞ்சியிருக்கும் யூதர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடக்கம். வெளியூர் யூதர்கள் வந்து சேர்ந்தால்தான் பத்து நிறையும். அதனால்தான் பெரியவர் "ஆளெவிடே" என்றார். கட்டடத்துக்கு 450 வயது தாண்டியும் ஓடு மின்னுகிறது, விளக்கு தொங்குகிறது, சீட்டு விற்பனை நடக்கிறது. சுருளைத் தூக்கிக்கொண்டு சுற்றி வரத்தான் தோள் இல்லை. இருந்தும் அன்றைக்குக் கதவைப் பூட்டியிருந்தார்கள் பாருங்கள். சீட்டுப் பணம் போனால் போகட்டும், இன்று பண்டிகை என்று. எங்கள் நாற்பது பேரைத் திருப்பி அனுப்பிய அந்தப் பூட்டை நினைத்தால் இப்போது மரியாதையாக இருக்கிறது.

இந்த வருடக் குருத்தோலை

ஊருக்கு வந்து ஆச்சியிடம் எல்லாம் சொன்னேன். எண்பது வயதில் தினமும் வேதம் வாசிக்கிறவள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ இயேசு சாமி நம்ம மாதிரி கிறிஸ்துமஸ் கொண்டாடல, கூடாரப்பண்டிகைதான் கொண்டாடியிருக்காரு, இல்லியாய்யா?" என்றாள். இத்தனை பக்கத்தில் நான் எழுதியதை ஆச்சி ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

இந்த வருடம் பாடுகள் நாடகத்துக்கு வசனம் எழுதும் வேலை வாலிபர் சங்கத்தில் எனக்கு வந்தது. "யூதர்கள்" என்று இருந்த இடத்தில் "கூட்டத்தார்" என்று மாற்றினேன். பஞ்சுத் தாடி வேண்டாம் என்றேன். "தாடி இல்லாம எப்படிப்பா யூதன்னு தெரியும்?" என்று ஒரு அண்ணன் கேட்டார். "பேதுருவும் யூதர், மரியாளும் யூதர், இயேசுவும் யூதர். அப்ப எல்லாருக்கும் ஒட்டணும்ணே" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வசனத்தை மாற்ற ஒத்துக்கொண்டார். தாடி மட்டும் ஏற்கனவே வாங்கியாயிற்று என்பதால் இந்த வருடமும் இருந்தது. அடுத்த வருடம் பார்க்கலாம்.

குருத்தோலை ஞாயிறு அன்று ஓலையைப் பிடித்துக்கொண்டு "ஓசன்னா" பாடினேன். கொச்சியில் ஓலைக் குடில் போட ஆள் இல்லாத வீட்டு முற்றங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

நண்பர்களே, அடுத்த ஐ.வி.யில் எங்காவது கதவு பூட்டியிருந்தால் ஏலக்காய் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் டீக்கடை இருக்கும். என்ன பண்டிகை என்று கேளுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.